ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கி: காவிரி நாட்டில் வேர் கொள்ளாத ஒரு வழக்கம்

1878ஆம் ஆண்டையொட்டி, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று காரியங்கள் மூன்று தேசப்பகுதிகளில் நிகழ்ந்தன. அமெரிக்காவில் கோல்ட் கம்பெனியார் தங்கள் ரிவால்வரை, வின்செஸ்டர் ரைபிளுக்கென்று ஏற்பட்டிருந்த .44-40 தோட்டாவையே ஏற்கும்படி அமைத்து விற்பனைக்குக் கொணர்ந்தனர். இந்தியாவில் லிட்டன் பிரபுவின் அரசாங்கம், பிரஜைகள் லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருத்தல் கூடாதென்று ஆயுதச் சட்டம் இயற்றிற்று. பம்பாயிலிருந்து வெளிவந்த 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் சஞ்சிகையிலோ, எம். ஜே. வால்ஹவுஸ் என்பார் தஞ்சாவூர் அரண்மனையின் பழைய ஆயுதசாலை கலைக்கப்பட்ட சரித்திரத்தை எழுதினார். கைத்துப்பாக்கிக்கும் நெடுந்துப்பாக்கிக்கும் தோட்டா ஒன்றாயிருத்தல் சௌகரியமென்று ஒரு சமூகம் கண்டுகொண்ட அதே காலத்தில், அவ்வொற்றுமையே ஆபத்தென்று இன்னோர் ஆட்சி கருதத் தலைப்பட்டது என்பதும், தஞ்சைத் தரணியில் துப்பாக்கியின் குழல்விட்டத்தை நிர்ணயித்தது அதை ஏந்தியவனுடைய தேவை மட்டுமன்று, ஆண்டவர்களுடைய அச்சமுங்கூட என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

தஞ்சை வெடிமருந்துக்குப் புதிய ஊரன்று. கோட்டையின் கீழ்ப்புறத்து மேட்டில் இன்றும் கிடக்கும் பெரும் பீரங்கி, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்யப்பட்ட நாயக்கர் காலத்து வேலை. அக்காலத்துக் கருவிகளுக்குக் குண்டின் அளவைப் பற்றிய தர்க்கம் பெரிதாக எழவில்லை. மருந்தைத் தனியே இட்டு, குண்டைத் தனியே இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு, அதன் வாய்க்கேற்ற அச்சொன்று இருந்தால் ஈயத்தை உருக்கி வார்த்துக்கொள்ளலாம். மன்னர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்து சமஸ்தானம் கம்பெனியார் வசமானபின், ஆயுதசாலையில் குவிந்திருந்த படைக்கலங்களிற் சில சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையை அடைந்தன. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாய்ப் போயிற்று. தோட்டாவின் யுகம் பிறந்தபோது தஞ்சையில் அரசனும் இல்லை, ஆயுதசாலையும் இல்லை.

மருந்தும் குண்டும் தீப்பொறிக் கிண்ணமும் ஒரே பித்தளைக் கூட்டில் அடங்கிய பிறகுதான், எந்தத் தோட்டா என்னும் கேள்வி உயிர்பெற்றது. 1873இல் வெளிவந்த வின்செஸ்டர் ரைபிள், விசையைச் சூழ்ந்த வளையத்தோடு இணைந்த நெம்புகோலைத் தள்ளி இழுத்தமாத்திரத்தில் காலிக்கூட்டை வெளியே எறிந்து, குழலின் அடியிலுள்ள நீண்ட உறையிலிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது. அதே ஆண்டில் அமெரிக்கப் படை ஏற்ற கோல்ட் ரிவால்வரோ, ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் குதிரையை இழுத்து நிறுத்திய பின்னரே சுடத்தக்கது. அதற்குரிய .45 தோட்டா வலிமை மிக்கதாயினும் நெம்புகோல் ரைபிளுக்கு ஒவ்வாததாயிற்று. ஏனெனில், ரிவால்வரில் காலிக்கூட்டை உள்ளிருந்து ஒரு கம்பியால் தள்ளிவிடுவார்களாதலின் கூட்டின் அடிவிளிம்பு மெலிந்திருந்தால் பாதகமில்லை, ரைபிளிலோ ஒரு கொக்கி அவ்விளிம்பைப் பற்றி இழுத்தாக வேண்டும். எனவே ரைபிளின் தோட்டா ரிவால்வருக்கு வந்ததேயன்றி, ரிவால்வரின் தோட்டா ரைபிளுக்குப் போகவில்லை.

அந்த .44-40 தோட்டாவில் 40 கிரெயின் கருமருந்தும், ஏறத்தாழ 13 கிராம் எடையுள்ள 200 கிரெயின் ஈயக்குண்டும் இருந்தன. கழுத்துப்புறம் சற்றே ஒடுங்கிய அதன் கூடு தடையின்றிக் குழலேறியது. வெடித்தபோது நன்கு விரிந்து புகைக்கரி பின்னோக்கி வாராமல் தடுத்தது. உறையில் ஒரு தோட்டாவின் முனை முன்னதன் அடிக்கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்குமாதலால், கூர்முனைக் குண்டு அதிர்ச்சியில் அடுத்ததை வெடிக்கச்செய்துவிடும் என்று கருதி முனையைத் தட்டையாக்கினார்கள். நெடுங்குழலில் மருந்தின் ஆவி குண்டை நெடுநேரம் தள்ளுவதனால் ரைபிளில் வேகம் மிகும். ஆனால் இடுப்பிலிருப்பதும் தோளிலிருப்பதும் ஒரே பட்டையிலிருந்து பசியாறும் சௌகரியத்துக்காக, எது ரிவால்வருக்குப் போதும், எது ரைபிளுக்குக் குறையாது என்னும் சமரசத்தை மேற்கத்திய மாட்டுப்பண்ணைக்காரன் மகிழ்ந்து ஏற்றான். பின்னாளில் 1935இன் .357 மேக்னமும், 1955இன் .44 மேக்னமும் அதே ஜோடி முறைக்கு உதவின.

இந்தியாவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 1857இன் கலகத்திற்குப் பிறகு, என்ஃபீல்டு துப்பாக்கிகளின் குழலிலிருந்த சுருள்வரிகளைக் கடைந்தெடுத்து வழுவழுப்பாக்கி, இலக்குத் தவறும்படி செய்தே சுதேசிச் சிப்பாய்களுக்கு அளித்தார்கள். வெள்ளைப்படை மார்ட்டினி-ஹென்றி ரைபிளை ஏந்திய நாட்களில் சுதேசிப்படை பழைய ஸ்னைடர் ரைபிளோடு நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, .450 தோட்டாக்கள் கலகக்காரர் கையிலுள்ள மார்ட்டினிகளுக்கு உதவிவிடக்கூடுமென்று அஞ்சி, வேட்டைக்காரர்களுக்கும் அவ்வளவை இந்தியாவில் விலக்கினார்கள். அதன் விளைவாகவே பிரிட்டிஷ் துப்பாக்கி வினைஞர் .465, .470 என்ற புதிய அளவுகளைப் படைத்தனர். போலீசாருக்கென இஷாப்பூரில் .410 மஸ்கட் அமைத்தபோதும், பறிபோன துப்பாக்கியில் ராணுவத்தின் .303 தோட்டா பொருந்தாதிருக்க வேண்டுமென்பதே சூட்சுமம். அங்கே பொருந்துவதற்காக அளவு தேடினார்கள். இங்கே பொருந்தாதிருப்பதற்காகத் தேடினார்கள்.

காவிரிப் படுகையின் மிராசுதாருக்கு இத்தகராறுகள் எட்டியவை சொற்பம். அவர் கலெக்டர் கச்சேரியில் லைசென்ஸ் பெற்று வைத்திருந்தது வாய்வழி கெட்டிக்கும் நாட்டுத்துப்பாக்கி, அல்லது 12 போர் இரட்டைக்குழல். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒன்றின் விட்டம் எதுவோ அதுவே அக்குழலின் விட்டம், ஏறக்குறைய 0.73 அங்குலம். மலையும் மறைவும் இல்லாத சமவெளியில், ஒரு வயலுக்கு அப்பால் ஒரு தெருவும் ஒரு வாய்க்காலுக்கு அப்பால் ஒரு சேரியுமாக மனிதர் நெருங்கி வாழும் நாட்டில், ஒரு மைலுக்கு மேற்செல்லும் ரைபிள் குண்டைவிடச் சில நூறு கஜத்துக்குள் உதிர்ந்துவிடும் ரவையே தக்கதென்பதை யாரும் ஒப்புவர். ஏரிகளில் வந்திறங்கும் தாராவுக்கும், களத்துமேட்டுக் காவலுக்கும் அதுவே போதுமானது. ஆயினும் சட்டம் அளந்த ஆபத்து படைக்கு நேரக்கூடியதேயன்றிக் குடிசைக்கு நேரக்கூடியதன்று. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணிக்கு நிலக்கிழார் தரப்பினர் துப்பாக்கிகளோடு வந்ததும், அவ்விரவில் 44 உயிர்கள் தீக்கிரையானதும் குழல்விட்டப் பட்டியல்கள் எதிர்பாராதவை.

நெம்புகோல் ரைபிள் தமிழ்நாட்டை அடியோடு அறியாமலுமில்லை. சேலம் ஜில்லாக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்ற கென்னத் ஆண்டர்சன் ஏந்தியது 1895ஆம் ஆண்டு மாதிரியான வின்செஸ்டர், .405 அளவு. அந்த ரைபிளில் தோட்டாக்கள் குழலடி உறையில் வரிசையாகக் கிடவாமல் பெட்டியில் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்படும். ஆனால் அத்தோட்டாவுக்கு இணையான ரிவால்வரை எந்த மணிக்கட்டும் விரும்பியிராது.

சுயராஜ்யம் வந்தபின் 1959இன் ஆயுதச் சட்டமும் 1962இன் விதிகளும் பழைய அச்சத்தையே சுவீகரித்துக்கொண்டன. ராணுவத்தின் .303, 7.62 மில்லிமீட்டர் தோட்டாக்களை ஏற்கும் ரைபிள்களும், .380, .455, ராணுவ 9 மில்லிமீட்டர் தோட்டாக்களை ஏற்கும் கைத்துப்பாக்கிகளும் தடைசெய்யப்பட்ட வகையாயின. 1966இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளி அரசினர் தொழிற்சாலை படைக்கு 7.62 ரைபிள் செய்தது. அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்திலுள்ள தஞ்சாவூர் விவசாயிக்கு அவ்வளவு விலக்கு. பிரஜைக்கு எஞ்சியவற்றுள் முக்கியமானவை, ஆஸ்திரியப் படையின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை ஒட்டிய .315 இஷாப்பூர் ரைபிளும், கான்பூரின் .32 ரிவால்வரும். முன்னது நெடுந்தூர வேட்டைக்குரியது, பின்னது அறைக்குள் தற்காப்புக்குரியது. ஒன்றின் தோட்டா மற்றொன்றின் வாயில் நுழையாது. 1972இன் வனவிலங்குச் சட்டம் வேட்டையைப் பெரும்பாலும் நிறுத்தியபின் ரைபிளுக்கிருந்த நியாயமும் சுருங்கிற்று. 2019இன் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டபடியால், டெல்டாவில் இன்று ஒரு ரிவால்வரும் ஒரு ரைபிளும் பெறுபவர் தம் உரிமை முழுவதையும் செலவிட்டபின்பும் பெரும்பாலும் இரு வேறு தோட்டாக்களையே வாங்கியாக வேண்டியிருக்கிறது.