கடலற்ற கண்டியும் கலம் கொள்ளும் கலையும்

கண்டி மாநகரின் நடுவே விளங்கும் வாவியைக் கண்டு மகிழாதவர் இலர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டிலே வயல் நிலத்துக்கு அணை கோலி அதனை அமைக்கத் தொடங்கினான். நடுவே சிறு தீவு ஒன்றும் உண்டு. ஆயினும், மலை சூழ்ந்த அந்நீர்ப்பரப்பு பாய்விரித்தோடும் கலங்களுக்குரிய இடமன்று. மலைநாட்டு அரசுக்குக் கப்பல் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். கப்பல் இன்மையால் அவ்வரசு பட்ட பாடு கொஞ்சமன்று.

பதினெட்டாம் நூற்றாண்டிலே பௌத்த குருமாரின் உபசம்பதை முறை இலங்கையில் அற்றுப்போயிருந்தது. அதனை மீட்பதற்குச் சயாம் தேசத்திலிருந்து பிக்குமாரை அழைக்கக் கண்டி மன்னர் விரும்பினர். துறைமுகங்களோ ஒல்லாந்தர் கையில் இருந்தன. எனவே தூதரை அனுப்புவதற்கும் அவ்வொல்லாந்தரிடமே கப்பல் கேட்க நேர்ந்தது. 1741 இல் அனுப்பிய தூதுக்குழுவின் கப்பல் வழியில் உடைந்தழிந்தது. 1747 இல் சென்ற தூதும் மன்னன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் இறந்த செய்தியால் பயனின்றி முடிந்தது. பின்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1750 இல் மீண்டும் தூதரை அனுப்பினான். இம்முறை சயாம் மன்னன் இசைந்தான். பிக்குமாரும் அந்நாட்டுக் கப்பலொன்றில் ஏறினர். அக்கலமும் வழியிலே பழுதுற்றது! இறுதியில் உபாலி தேரரும் அவருடன் வந்தோரும் ஒல்லாந்தர் கப்பலிலேயே 1753 இல் திருகோணமலையை அடைந்து, அங்கிருந்து கண்டிக்கு வந்து சேர்ந்தனர். ஒரு சமயச் சடங்கை மீட்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள். அவற்றுட் பெரும்பகுதி கலங்களின் குறையாற் கழிந்தது.

1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. வாவி கண்ட மன்னனும், 1815 இல் அரசிழந்த பின், 1816 இல் ஆங்கிலேயரின் ‘கோர்ன்வாலிஸ்’ என்னும் கப்பலில் இலங்கையை விட்டுச் சென்றான்.

கண்டியரசர் இரவற் கலத்தை நம்பினர். கலத்தை ஆராய்ந்து கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவ்வாய்ப்பைப் பெற்ற ஒருவரின் கதை வேறு விதமானது. வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை, ஏறத்தாழ 32 அடி நீளமுள்ள சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்தவர். கடலை அறிந்த அம்மனிதர் அடுத்தொரு கலம் வேண்டியபோது, வல்வெட்டித்துறைத் தச்சர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் 89 அடிப் பாய்க்கப்பலை விலைக்குக் கொண்டார். புதியதன்று, சரக்கேற்றி உழைத்த கலம். அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டி, தம்பிப்பிள்ளை என்னும் தண்டையலின் தலைமையில் வல்வெட்டித்துறை ஓட்டிகளை அமர்த்தினார். 1937 இல் இலங்கையை விட்ட அக்கலம், சுயெஸ் வழியாகச் சென்று 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. கலத்தோடு அதனை அறிந்த ஓட்டிகளையும் உடன்கொண்டது அவரது மதிநுட்பம் என்றே கூறவேண்டும்.

கண்டியின் கிழக்கே இன்று வேறொரு நீர்ப்பரப்பு உண்டு. மகாவலிக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் எழுந்து 1985 இல் நிறைவுற்ற விக்டோரியா அணையின் நீர்த்தேக்கமே அது. இத்தகைய மலைநாட்டு நீரில் விடுவதற்காகக் கரையோரத்துப் பழம்படகை வாங்குவோர் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். உவர்நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு நன்னீரில் வாழாது. ஆனால் உப்பு மரத்தைக் காப்பது போல நன்னீர் காப்பதில்லை. மழைநீர் தேங்கும் மூலைகளிலே உளுப்பு விரைந்து பரவும். ஆதலாற் கரையிலே பளபளக்கும் வண்ணப்பூச்சைக் கண்டு மயங்காமல், ஏராவின் ஓரத்தையும், பாய்மரத்தின் அடியையும், அடிப்பலகைகளையும் சிறு கத்தியின் முனையால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். முனை எளிதில் இறங்கினால் அம்மரம் உதவாது. ஆணித்தலைகளைச் சுற்றிய துருக்கறையும் நல்ல அறிகுறியன்று. கண்ணாடி நாரிழைப் படகாயின், சுத்தியலால் மெல்லத் தட்டிச் செவி கொடுத்தால், உட்பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

பாய்களுக்கும் கயிறுகளுக்கும் ஆகும் செலவை விலையோடு கூட்டிப் பாராதவர் பலர். குறைந்த விலைக்குக் கிடைத்த பழம்படகு, புதுப்பாய் தைத்து முடிவதற்குள் புதிய படகின் விலையை எட்டிவிடுதலும் உண்டு. மலையிடுக்கில் காற்று நினையாத திசையிலிருந்து திடீரென வீசுமாதலால், புதிதாகப் பழகுவோர்க்குப் பெரும்பாயினும் சிறுபாயே ஏற்றது. நெடுநாள் கரையில் உலர்ந்து கிடந்த மரப்படகு, நீரில் இறக்கிய முதல் நாள் ஒழுகும், அதற்கு அஞ்சவேண்டியதில்லை. பலகைகள் நீரை உறிஞ்சிப் பருத்தபின் பொருத்துகள் இறுகும். சில நாள் சென்றும் ஒழுக்குக் குறையவில்லையாயின், கலப்பற்று வேலையறிந்த ஒருவரை அழைத்துக் காட்டிய பின்னரே மிகுதிப் பணத்தைக் கொடுத்தல் வேண்டும்.