பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்

போன வருஷம் மகள் வீட்டுக்கு ஆஸ்திரேலியா போய், பெர்த் நகரில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் சூளைக்கு முன்னால் முப்பது வருஷம் வெந்தவனுக்கு அந்த ஊர் வெயில் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பொழுது போகாததுதான் கஷ்டம். ஒரு சனிக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் என்னையும் பேரனையும் ரயிலில் ஏற்றி, அரை மணி நேரத்தில் ஃப்ரிமேன்டில் என்ற கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே கடலைப் பார்த்த ஒரு மேட்டில் 'ரவுண்ட் ஹவுஸ்' என்று ஒரு பழைய சிறை இருக்கிறது. பெயர்தான் ரவுண்ட், உண்மையில் பன்னிரண்டு பக்கச் சுவர். 1831இல் திறந்தது. அந்த மாநிலத்தில் இன்றும் நிற்கிற பொதுக் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையதாம். அந்த மண்ணின் பூர்வகுடி மக்களையும் இங்கே அடைத்துவைத்து, பிறகு எதிரே உள்ள தீவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

தினமும் பகல் ஒரு மணிக்கு அங்கே பீரங்கி வெடிக்கிறார்கள். அந்தக் காலத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதற்காக ஏற்பட்ட வழக்கம். இப்போது குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். வெடிப்பவர்களும் கதை சொல்பவர்களும் சம்பளக்காரர்கள் இல்லை. என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், தொண்டாகச் செய்கிறார்கள்.

சத்தம் அடங்கியதும் பேரன் கேட்டான். "தாத்தா, உங்க ஊர்ப் பக்கத்துல இந்த மாதிரி கடல், கோட்டை, பீரங்கி எல்லாம் இருக்கா?"

நான் யோசிக்காமல், "அதெல்லாம் இல்லப்பா. நம்ம ஊர்ல கோயிலும் பீங்கானும்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம், நான் சொன்னது பொய். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா ஒரு பட்டா விஷயமாகக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்து தேவனாம்பட்டினம் கடலைக் காட்டினார். திரும்பும்போது, "இதெல்லாம் வெள்ளைக்காரன் குண்டு போட்டு அளந்த ஊருடா" என்றார். நான் ஏதோ ஏரோப்ளேனிலிருந்து குண்டு போட்டான் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெகு காலம் கழித்துத்தான் விவரம் தெரிந்தது.

நம் வட்டாரத்துப் பெரியவர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன்.

1690. செஞ்சியில் சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தார். மொகலாயப் படை நெருக்கிக்கொண்டிருந்தது, மராத்தியருக்குப் பணம் தேவைப்பட்டது. அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் நம் பிள்ளைகள் படிக்க ஆசைப்படும் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அது இவர் கொடுத்த நன்கொடைக்காக இவர் பெயரைப் பெற்றதுதான். இவர் காலத்தில்தான் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

விலை பேசியதில் ஒரு வேடிக்கையான நிபந்தனை. கோட்டை மட்டும் இல்லை, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் கம்பெனிக்கு. பல திசையிலும் சுட்டார்கள். குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு லாபம். எவ்வளவு மருந்து கெட்டித்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்! கடலூர்ப் பட்டணமே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கடலூரில் இன்றைக்கும் குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர் உண்டு, குண்டு சாலை என்று ஒரு சாலை உண்டு. குண்டும் குழியுமாக இருப்பதால் வந்த பெயர் என்று பஸ்ஸில் ஒருவர் சத்தியம் செய்தார். நான் சண்டைக்குப் போகவில்லை.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பித்து வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அப்போது அவர் கம்பெனியில் ஒரு குமாஸ்தா. 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் சென்னை இல்லை, நம் தேவனாம்பட்டினம். 1756இல் அதே கிளைவ் இங்கே கவர்னராகவும் இருந்தார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து, இடித்துத் தள்ளினார்.

1783 ஜூன் 20ஆம் தேதி இந்தக் கடலில் இரண்டு நாட்டுக் கப்பல் படைகளும் மோதிக்கொண்டன. ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்துவிட்டார்கள். செய்தி வந்து சேரவில்லை. முடிந்துபோன சண்டைக்காக எத்தனையோ பேர் செத்தார்கள்.

இந்தப் பொங்கலுக்கு மகள் குடும்பத்தோடு வந்தாள். "வாடா, நான் சொன்ன பொய்யைத் திருத்தணும்" என்று பேரனைக் காலையிலேயே கிளப்பினேன். மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக அறுபது கிலோமீட்டர் சொச்சம். வடலூரில் வள்ளலார் சபையைக் கும்பிட்டுக்கொண்டு போனோம்.

முதலில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் சுவாமிகள் அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரையேறிய தலம். கரையேறவிட்ட குப்பம் என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. "கல்லு எப்படி மிதக்கும்?" என்று பேரன் கேட்டான். "அதான் இன்னிக்கு வரைக்கும் பேசிக்கிட்டிருக்கோம்" என்றேன். பிறகு மஞ்சக்குப்பம். ஆங்கிலேய கவர்னர்களின் தோட்ட மாளிகையாக இருந்து கலெக்டர் பங்களாவான கட்டடத்தை வெளியிலிருந்து காட்டினேன். 1918இல் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகிச் சிறையிருந்தது இந்த ஊரில்தான் என்பதையும் சொன்னேன்.

கடைசியாகக் கோட்டை. அங்கே பீரங்கியும் இல்லை, மதிலும் இல்லை. செடிகொடிக்கு நடுவே செங்கல் இடிபாடு கொஞ்சம், அவ்வளவுதான். பேரன் முகம் சுருங்கியது. கீழே கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினேன். கணீரென்றது. "நல்லா வெந்த கல்லு. இதைச் சுட்டவன் பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ஆனா வேலை தெரிஞ்சவன்" என்றேன். பையன் தானும் ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தான். எடுத்த இடத்திலேயே இரண்டையும் வைத்துவிட்டு வந்தோம்.

சாயங்காலம் சில்வர் பீச். சுண்டல், பஜ்ஜி, குழந்தைகள் விளையாட மணல். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அலை இழுக்கும். 2004 டிசம்பர் 26 இந்தக் குப்பத்துக்கு என்ன செய்தது என்பதை நாம் மறக்க முடியாது. அதையும் பேரனிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மணலில் ஒரு புள்ளி வைத்து, சுற்றி வட்டம் போட்டு, "குண்டு இதுவரைக்கும் வந்திருக்குமா தாத்தா?" என்று கேட்டான்.

ஃப்ரிமேன்டில் சிறைக்கு வயது இருநூறு கூட ஆகவில்லை. நம் கோட்டையை வெள்ளைக்காரன் வாங்கியதே அதற்கு நூற்று நாற்பது வருஷம் முன்னால். அங்கே சுவர் இருக்கிறது, அதன் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓய்வுபெற்ற கிழவர்கள் இருக்கிறார்கள். இங்கே சுவர் போய்விட்டது. கிழவர்கள் நாம் இருக்கிறோம். அப்பா அன்றைக்குப் பாதியில் விட்ட கதையை நான் அறுபது வருஷம் கழித்துத்தான் முடித்தேன். நீங்கள் அவ்வளவு தாமதிக்க வேண்டாம். அடுத்த லீவுக்குப் பிள்ளைகள் வந்தால் ஒருநாள் ஒதுக்கிக் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.