கிட்டங்கிப் பெட்டியும் தனிக் கணினியும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் துறைமுகங்களில் கொடுக்கல் வாங்கலைத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் தொழில் செய்த இடம் கிட்டங்கி. நீளமான ஒரே கூடம், அதற்குள் பல கடைகள். ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது நிறுவனத்துக்கும், தரையில் கொஞ்சம் இடம், ஒரு பாய், சாய்வான மூடி போட்ட மரப்பெட்டி, பின்னால் ஓர் அலமாரி. பெட்டிக்கு முன்னால் கடையை நடத்தும் மேலாள் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அவருடைய உதவியாளரான அடுத்தாள். கைக்கெட்டும் தூரத்தில் இன்னொருவர் கடை.

பெட்டிக்குள் குறிப்பு, பேரேடு, கடன் பத்திரங்கள், அடமானமாக வந்த நிலப் பட்டாக்கள். கணக்கெல்லாம் தமிழில். வெள்ளைக்கார அதிகாரிக்கு அது புரியாது. பக்கத்துக் கடைக்காரருக்கோ ஒவ்வோர் எழுத்தும் புரியும். ஆகவே ஏட்டைக் காத்தது பூட்டும், சமூகக் கட்டுப்பாடும்தான். கடல் தாண்டிப் போகும் உண்டியல் என்ற பணச் சீட்டுக்கு ஏற்பாடு வேறு. கையெழுத்தையும் விலாசத்தையும் சரிபார்த்த பிறகே பணம் கைமாறும்.

ரப்பர் வந்ததும், இருந்த இடத்திலேயே இருக்கும் ஏட்டுக்கும் பயணம் போகும் செய்திக்கும் உள்ள இந்த வேறுபாடு இன்னும் துலக்கமானது. 1896இல் வணிகர் டான் சே யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். 1910இல் சைம் டார்பி நிறுவனம் மலாக்காவில் பிறந்தது. அந்தக் காலத்து வணிகம் தந்தியை நம்பியிருந்தது. தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம்; வழியில் அதைப் படிப்பவர்களும் பலர். அதனால் உலகெங்கும் வணிக நிறுவனங்கள் ஏ.பி.சி., 1906இல் வெளிவந்த பென்ட்லி போன்ற குறிச்சொல் புத்தகங்களைப் பயன்படுத்தின. ஒரு வாக்கியமே ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். அந்தப் புத்தகங்களோ கடையில் கிடைத்தவை. உண்மையான ரகசியம் வேண்டியவர்கள் தங்களுக்கென்று தனிக் குறி வைத்துக்கொண்டார்கள்.

ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணி என்ற எழுத்தர் எழுதிய செக்ரோலுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. பெரட்டு என்ற காலை வருகைக் கணக்கெடுப்பில் யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிவான அந்த ஏடு ஆபீசை விட்டு எங்கும் போகாது. அதற்கு அலமாரிச் சாவி, சம்பளப் பணத்துக்கு இரும்புப் பெட்டி.

இணையமே இல்லாத தனிக் கணினிக்கு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) எதற்கு என்ற கேள்விக்கும் இந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது. 1995இல் நெட்ஸ்கேப் வெளியிட்ட எஸ்.எஸ்.எல்., அதன் வாரிசாக 1999இல் வந்த டி.எல்.எஸ். போன்ற நெறிமுறைகள் தந்திக்கு வைத்த தனிக் குறியைப் போன்றவை. பயணத்தில் இருக்கும் செய்தியைத்தான் அவை காக்கும். பயணமே இல்லாத கணினிக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

வட்டை மறையாக்குவது வேறு சங்கதி. விண்டோஸ் கடவுச்சொல் மட்டும் போட்ட கணினியின் வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால், மறையாக்கம் இல்லாத பட்சத்தில், அத்தனை கோப்புகளும் திறந்தே கிடக்கும். ஆப்பிளின் ஃபைல்வால்ட் (தொடக்கத்தில் பயனரின் கோப்புறைக்கு மட்டும்) 2003இலும், மைக்ரோசாஃப்டின் பிட்லாக்கர் 2007இல் விஸ்டாவுடனும் வந்தது இதைத் தடுக்கத்தான். திறவுகோல் இல்லாத திருடனுக்குக் கிடைப்பது அர்த்தமற்ற எழுத்துக் குவியல்.

இதற்கும் எல்லை உண்டு. கணினியைத் திறந்து வேலை செய்யும்போது எல்லாமே வெளிச்சத்தில்தான் இருக்கும். 2010இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு சேராத ஈரானிய அணு ஆலைக் கணினிகளுக்குள் புகுந்தது. பென் டிரைவ் வழியாகப் பரவக்கூடிய நச்சுநிரல் அது. அதை வட்டு மறையாக்கம் தடுக்காது. திறவுகோலைத் தொலைத்தால் உரியவருக்கும் கோப்பு கிடைக்காது.

மலாக்காவின் ஜாசினிலோ மெர்லிமாவிலோ உள்ள கோயில் நிர்வாகத்தின் பழைய கணினியில் உறுப்பினர் பெயர், அடையாள அட்டை எண், நன்கொடைக் கணக்கு இருந்தால், பழுதுபார்க்க அனுப்பும் நாளுக்குக் காத்திராமல் இன்றே வட்டை மறையாக்குங்கள். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, கணினி இருக்கும் அறையில் வைக்காமல் வேறிடத்தில் இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள். கோப்புகளின் நகல் ஒன்றும் தனியே இருக்கட்டும்.