ஒன்பது வளைவுப் பாலமும் ஒப்பாரிக் கோச்சியும்

நம் பள்ளிக்கும் பதுளைக்கு வந்த கோச்சிக்கும் ஏறத்தாழ ஒரே வயது. புகையிரதம் பதுளையை எட்டியது 1924 ஆம் ஆண்டில். விடுதியில் இருந்த நாங்கள் மாலைக் கோச்சியின் கூவலைக் கேட்டுத்தான் படிக்க அமர்வோம். விடுமுறைக்கு வீடு போகும்போது, எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே வரும் ஒன்பது வளைவுப் பாலத்தில் எல்லோரும் ஒரே பக்க யன்னலுக்கு ஓடுவோம். இன்று உலகமே வந்து படம் பிடிக்கும் அந்தப் பாலத்தைப் பற்றி இந்த மலரில் எழுத விரும்பினேன்.

மலைநாட்டுப் பாதை கோப்பிக்காகத் தொடங்கித் தேயிலைக்காக நீண்ட பாதை. 1867 இல் கண்டி, 1885 இல் நானுஓயா, 1894 இல் பண்டாரவளை என்று ஏறி வந்த தண்டவாளம் அங்கேயே நின்றது. பதுளைக்கு வர மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே 500 மீற்றருக்கு மேல் இறக்கம். செங்குத்தாக இறங்கக் கோச்சியால் முடியாது. மலையைச் சுற்றிச் சுற்றித்தான் இறங்க வேண்டும். நடுவில் முதல் உலகப் போரும் வந்தது.

பாலம் 1921 இல் முடிந்தது. நீளம் சுமார் 91 மீற்றர், உயரம் சுமார் 24 மீற்றர். போருக்கு இரும்பு போய்விட்டதால் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வளைவு தன்மேல் விழும் பாரத்தை இரு பக்கத் தூண்களுக்கும் தள்ளிவிடும். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத்தான் தாங்காது. நம் பாதத்தின் வளைவு உடம்பைச் சுமப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் என்று மருத்துவம் படிக்கும்போது எனக்கு விளங்கியது. புகையிரதப் பொறியியலாளர் ஹரோல்ட் மார்வூட் இந்தக் கட்டுமானம் பற்றி 1923 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வெளியிட்டார். கட்டியவர் என்று பீ.கே. அப்புஹாமியின் பெயரை ஊர் மக்கள் சொல்கிறார்கள்.

பாலத்தைத் தாண்டினால் தெமோதரை வளையம். கோச்சி நிலையத்தில் நின்று புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். ஒரு தோட்டத்துக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றியதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் டீ.ஜே. விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அதிலும் பொறியியலாளருக்குத்தான் பெயர் இருக்கிறது. கங்காணி வெறும் கங்காணி.

இதே பாலத்தின் மேல் நம்மவர்கள் இன்னொரு பயணமும் போனார்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்தன. பதுளையில் கோச்சி ஏறியவர்கள் பொல்காவலை வழியாகத் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போனார்கள். மேடையில் நின்றவர்களும் பெட்டியில் இருந்தவர்களும் சேர்ந்து அழுததால் அதற்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வந்தது. போர்ச் சூழலில் 1984 இல் கப்பல் நின்றது. இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் குடியுரிமை கிடைத்தது.

என் அம்மாயியின் தங்கை எழுபதுகளில் அப்படிப் போனவர். அன்று அம்மாயிக்கு லீவு கிடைக்கவில்லை. கொழுந்துக் கூடையோடு பாலத்துக்குக் கீழே மலையில் நின்றிருக்கிறார். “எந்த யன்னல்ல நின்னாளோ தெரியலையே ஆயி, எல்லா யன்னல்லயும் கைதான் இருந்துச்சு” என்று சாகும்வரை சொன்னார். சின்ன அம்மாயி கோத்தகிரிப் பக்கம் குடியேறினார் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பள்ளி நாட்களில் அதே பாலத்தில் நான் எத்தனை தடவை கைகாட்டிச் சிரித்திருக்கிறேன்! கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தது இப்போதுதான் உறைக்கிறது.

வைத்தியராக நான் பார்க்கும் முதியவர்களிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால் பலர் தடுமாறுவார்கள். ஆனால் அக்கா கோச்சி ஏறியபோது தமக்கு என்ன வயது என்று தயங்காமல் சொல்வார்கள். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

அதனால் என் தோழிகளிடமும் அக்கா தங்கைகளிடமும் ஒரு வேண்டுகோள். கொழும்பில் இருந்தாலும் கூடலூரில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும், உங்கள் வீட்டு மூத்தவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். யார் போனார்கள்? எந்தத் தோட்டம்? எந்த நிலையத்தில் ஏறினார்கள்? எந்த ஆண்டு? வீட்டாரின் சம்மதத்துடன் ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். முதல் தாளாக என் சின்ன அம்மாயியின் விபரத்தை இக்கட்டுரையோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஆண்டு எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அம்மாயி இருந்தபோது நான் கேட்கவில்லை.