வட கரோலினாவின் பன்னிரண்டாவது தொகுதி

ஒரு நாட்டுக்கு எல்லை மலையாக இருக்கலாம், ஆறாக இருக்கலாம், கடலாகவும் இருக்கலாம். இவை இயற்கை வகுத்தவை, எளிதில் மாறாதவை. தேர்தல் தொகுதியின் எல்லையோ எழுதுகோலால் வகுக்கப்படுவது. எழுதுகோலைப் பிடித்தவரின் எண்ணத்திற்கேற்ப அக்கோடு நீளும், வளையும், சுருங்கும். அதனால் ஒரு மக்கட் கூட்டத்தின் குரல் சபையேறுவதும் உண்டு. ஊரெல்லையிலேயே அடங்கிப்போவதும் உண்டு. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட கரோலினா மாநிலத்திலுள்ள 12-வது காங்கிரஸ் தொகுதியைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அமெரிக்காவின் காங்கிரஸ் இரு சபைகளைக் கொண்டது. செனட் சபையில் மாநிலம் ஒவ்வொன்றுக்கும் இருவர் உண்டு. பிரதிநிதிகள் சபையில் மக்கள் தொகைக்கேற்ப இடங்கள் பங்கிடப்படும். பத்தாண்டுக்கு ஒரு முறை குடிக்கணக்கு எடுத்து, அதன்படி மாநிலங்களுக்கு இடங்களைக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்கம். தொகுதிகளின் எல்லையை வகுப்பது பெரும்பாலான மாநிலங்களில் அந்தந்தச் சட்டமன்றத்தின் வேலை. வட கரோலினாவில் சட்டமன்றம் வகுத்த தொகுதிப் படத்தைத் தடுக்கும் உரிமை ஆளுநருக்குக்கூட இல்லை.

இவ்வுரிமை தவறாகப் பயன்படுத்தப்படுவது புதிதன்று. 1812-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி, தம் கட்சிக்கு நன்மை தரும் வகையில் வகுக்கப்பட்ட ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அதிலிருந்த ஒரு தொகுதி, சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரினத்தின் வடிவில் நெளிந்து கிடந்தது. பத்திரிகையொன்று அவர் பெயரையும் அவ்வுயிரின் பெயரையும் இணைத்து 'கெர்ரிமாண்டர்' என்று கேலி செய்தது. கோணல் தொகுதிகளுக்கு அச்சொல்லே நிலைத்துவிட்டது.

மலைநாட்டுத் தொகுதி

வட கரோலினாவுக்கு 12-வது தொகுதி என்று ஒன்று முதன்முதலில் 1803-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. சில ஆண்டுகளில் அப்பெயர் மாநிலத்தின் மேற்கேயுள்ள மலைப்பகுதிக்கு உரியதாயிற்று. 1817 முதல் 1823 வரை அதன் உறுப்பினராயிருந்தவர் பீலிக்ஸ் வாக்கர். மிசூரி மாநிலத்தைச் சேர்ப்பது குறித்து 1820-இல் சபையில் நடந்த விவாதத்தில், சலிப்புற்ற உறுப்பினர்கள் பேச்சை நிறுத்துமாறு வேண்டியும் அவர் நிறுத்தவில்லை. தம் ஊராகிய பங்க்கம் மாவட்டத்தாருக்காகவே பேசுவதாகச் சொன்னார். அன்று முதல் பொருளற்ற வாய்ப்பேச்சுக்கு 'பங்க்கம்' என்னும் சொல் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று.

அவருக்குப் பின் வந்த ராபர்ட் வான்ஸ் 1825-இல் சாமுவேல் கார்சனிடம் தோற்றார். 1827-இல் நடந்த தேர்தலிலும் கார்சனே வென்றார். அத்தேர்தலில் எழுந்த பகை முற்றி, அவ்வாண்டு நவம்பரில் இருவரும் துப்பாக்கியுடன் நேருக்கு நேர் நின்றனர். குண்டு பட்ட வான்ஸ் மாண்டார். தொகுதியின் எல்லைபற்றி அன்று எவரும் சண்டையிடவில்லை; அதற்குள் இருந்த ஆட்களே சண்டையிட்டனர்.

1840-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் பயனாக வட கரோலினாவின் இடங்கள் 13-இலிருந்து 9-ஆகக் குறைந்தன. எனவே 1843-இல் 12-வது தொகுதி மறைந்தது. சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 1943-இல் ஆஷ்வில் நகரத்தை உள்ளடக்கிய மலைப்பகுதியில் மீண்டும் தோன்றியது. 1963-இல் மாநிலம் ஓர் இடத்தை இழந்தபோது மறுபடியும் மறைந்தது. அதுவரை அத்தொகுதியின் வரலாற்றில் பெரிய வழக்கு எதுவும் எழவில்லை.

கிழக்கே இருந்த இரண்டாவது தொகுதி

12-வது தொகுதி மறைந்திருந்த காலத்தில், அதே மாநிலத்தின் கிழக்கேயிருந்த 2-வது தொகுதியில் நடந்ததை அறிந்தாலன்றிப் பின்னர் நிகழ்ந்தவை விளங்கா.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. 1870-இல் அரசியல் சட்டத்தின் 15-வது திருத்தம் கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமையை உறுதி செய்தது. மாநிலச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த ஜனநாயகக் கட்சியார் 1872-இல் ஒரு சூழ்ச்சி செய்தனர். கறுப்பினத்தவர் மிகுந்த மாவட்டங்களையெல்லாம் 2-வது தொகுதி என்னும் ஒரே பட்டியில் அடைத்துவிட்டால், சுற்றியுள்ள தொகுதிகள் தமக்கே உரியனவாகும் என்பது அவர்கள் கணக்கு. அத்தொகுதிக்குக் 'கறுப்பு இரண்டாவது' என்ற பெயரும் ஏற்பட்டது.

ஆயினும் அடைபட்ட மக்கள் அங்கிருந்தே தம் பிரதிநிதிகளை அனுப்பினர். அடிமையாகப் பிறந்த ஜான் ஹைமன் 1874-இல் வென்றார். பின்னர் ஜேம்ஸ் ஓஹாரா, ஹென்றி சீத்தம், ஜார்ஜ் ஹென்றி வைட் ஆகியோர் சென்றனர். இதைப் பொறாதவர்கள் 1900-ஆம் ஆண்டில் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தினர். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தலைவரியும் கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1867 ஜனவரி முதல் நாளிலோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் மட்டும் படிப்புச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வெள்ளையருள் படிக்காதவர் இதனால் தப்பினர், கறுப்பினத்தவர் தப்பவில்லை.

1901 ஜனவரி 29-ஆம் நாள் வைட் தம் இறுதி உரையை நிகழ்த்தினார். இது தம் இனத்தார் காங்கிரசிடமிருந்து பெறும் தற்காலிக விடையே என்றும், சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவைபோல் ஒரு நாள் மீண்டும் வருவர் என்றும் அவர் கூறினார். அதன்பின் 1929 வரை காங்கிரசில் கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. வட கரோலினாவுக்கோ இந்த இடைவெளி 91 ஆண்டுகள் நீண்டது.

நெடுஞ்சாலைத் தொகுதி

1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் பழைய தடைகளை நீக்கியது. அச்சட்டத்தின்படி, தெற்கு மாநிலங்கள் பல தம் தேர்தல் ஏற்பாடுகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. வட கரோலினாவின் 100 மாவட்டங்களில் 40 இவ்விதிக்கு உட்பட்டவை.

1990-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மாநிலத்துக்கு 12-வது இடம் மீண்டும் கிடைத்தது. வாக்களிக்கும் வயதினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் கறுப்பினத்தவர். சட்டமன்றம் முதலில் அவர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றை மட்டுமே அமைத்தது. மத்திய நீதி இலாகா அதை ஏற்கவில்லை. எனவே 1992 ஜனவரியில் இரண்டாவதாக ஒரு தொகுதியும் வகுக்கப்பட்டது. அதுவே புதிய 12-வது தொகுதி.

இம்முறை அது மலைநாட்டில் இல்லை. 85-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, டர்ஹம் நகரிலிருந்து கிரீன்ஸ்பரோ, வின்ஸ்டன்-சேலம் முதலிய நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளைக் கோத்துக்கொண்டு ஷார்லட்டையும் கடந்து காஸ்டோனியா வரை சென்றது. நீளம் ஏறத்தாழ 160 மைல். அகலமோ சில இடங்களில் அந்நெடுஞ்சாலையின் அளவே. பத்து மாவட்டங்களின் ஊடே அது புகுந்து சென்றது. காரின் இரு கதவுகளையும் திறந்துகொண்டு அச்சாலையில் ஓட்டினால் தொகுதி மக்களில் பெரும்பாலோர் அடிபட்டுவிடுவர் என்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். அக்கோணலுக்கு இனம் ஒன்று மட்டும் காரணமன்று. பதவியிலிருந்த உறுப்பினர்களின் பழைய தொகுதிகளுக்கு ஊறு நேராமல் காக்க முயன்றதும் ஒரு காரணம்.

1992 நவம்பர்த் தேர்தலில் 12-வது தொகுதியில் வழக்கறிஞர் மெல் வாட்டும், 1-வது தொகுதியில் ஈவா கிளேட்டன் அம்மையாரும் வென்றனர். ஜார்ஜ் வைட் சொன்ன சொல் பலித்தது.

நீதிமன்றத்தில் தொகுதி

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. டர்ஹம் வாக்காளர் ஐவர் வழக்குத் தொடுத்தனர். அவருள் ஒருவரான சட்டப் பேராசிரியர் ராபின்சன் எவரெட் தாமே உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1993 ஜூன் 28-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தனர். நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் தீர்ப்பை எழுதினார். தோலின் நிறம் ஒன்றைத் தவிர வேறு ஒற்றுமை இல்லாதவர்களை எங்கெங்கிருந்தோ பொறுக்கிச் சேர்ப்பது, ஒரே நிறத்தார் ஒரே எண்ணமுடையவர் என்னும் தப்பெண்ணத்தையே வலுப்படுத்தும் என்பது அவர் வாதம். மற்ற நால்வரோ, நெடுங்காலம் குரலற்றிருந்தவர்க்கு இடமளிக்க வகுத்த கோட்டை, அவர்களை ஒதுக்குவதற்கு வகுத்த கோட்டோடு ஒன்றாக எண்ணலாகாது என்றனர். இரு பக்கத்தும் நியாயம் இருந்தமையால்தான் இவ்வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக உள்ளது.

1996-இல் அத்தொகுதி செல்லாது என்று முடிவாயிற்று. 1997-இல் அதைச் சுருக்கி, பத்து மாவட்டங்களை ஆறாக்கினர். கறுப்பினத்தவர் பாதிக்குக் குறைந்தனர். அப்படத்தையும் எதிர்த்து வழக்கு வந்தது. 1998-இல் கிரீன்ஸ்பரோவையும் நீக்கி இன்னொரு படம் வகுத்தனர். கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேரே ஆயினர். அந்த ஆண்டுத் தேர்தலிலும் மெல் வாட்டே வென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. வெள்ளையர் பெரும்பான்மையான தொகுதியிலும் கறுப்பினத்தவர் வெல்லக்கூடும் என்பதை அது காட்டிற்று. 2001-இல் உச்ச நீதிமன்றம், 1997-ஆம் ஆண்டுப் படத்துக்கு அடிப்படை இனமன்று, கட்சி அரசியலே என்று கூறி அதை ஏற்றது. இந்தத் தீர்ப்பும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலேயே அமைந்தது.

அதே கோடு, வேறு கை

2010-ஆம் ஆண்டுத் தேர்தலில், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்திற்குப் பின், குடியரசுக் கட்சி மாநிலச் சட்டமன்றத்தின் இரு சபைகளையும் கைப்பற்றியது. 2011-இல் எழுதுகோல் அவர்கள் கைக்கு வந்தது. 12-வது தொகுதியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் அதுவரை நூற்றுக்கு 43.8 பேர். அவ்வயதுடைய கறுப்பினத்தவர் ஏறத்தாழ 35,000 பேரை உள்ளே சேர்த்து, வெள்ளையர் 50,000 பேரை வெளியே தள்ளி, அவ்வளவு 50.7-ஆக உயர்த்தப்பட்டது.

மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது கறுப்பினத்தவர்க்குச் செய்த நன்மையாகத் தோன்றும். உண்மை வேறு. அவர்கள் அத்தொகுதியில் ஏற்கெனவே எளிதாக வென்றுகொண்டிருந்தனர். வெற்றிக்கு வேண்டியதற்கு மேல் வாக்குகளை ஒரே இடத்தில் குவித்தால், குவித்தவை வீணாகும்; சுற்றியுள்ள தொகுதிகளில் அவர்கள் கை தளரும். 1872-இல் ஜனநாயகக் கட்சியார் 2-வது தொகுதியில் செய்த அதே கணக்கை, 139 ஆண்டுகளுக்குப் பின் எதிர்க்கட்சியார் 12-வது தொகுதியில் செய்தனர்.

2014 ஜனவரியில் மெல் வாட் வேறு பதவி ஏற்று விலகியபின், அவ்வாண்டு நவம்பர் வரை தொகுதிக்குப் பிரதிநிதியே இல்லை. நவம்பரில் ஆல்மா ஆடம்ஸ் அம்மையார் வென்றார். 2016 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டுத் தொகுதியைச் செல்லாதென்றது. 2017 மே 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நீதிபதி எலெனா கேகன் எழுதிய அத்தீர்ப்பில், எப்போதும் மறு அணியில் நிற்பவரும் கறுப்பினத்தவருமான நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் சேர்ந்தது பலருக்கு வியப்பளித்தது.

இதற்கிடையில் 2016-இலேயே சட்டமன்றம் புதுப்படம் வகுத்துவிட்டது. நெடுஞ்சாலைப் பாம்பு மறைந்தது. 12-வது தொகுதி ஷார்லட் நகரம் அமைந்துள்ள மெக்லன்பர்க் மாவட்டத்துக்குள் அடங்கியது. கிரீன்ஸ்பரோவைச் சேர்ந்த ஆடம்ஸ் அம்மையார் தொகுதியைத் தேடி ஷார்லட்டுக்குக் குடிபெயர்ந்தார். இப்படத்தில் இனக் கணக்கைப் பார்க்கவில்லை, கட்சிக் கணக்கையே பார்த்தோம் என்று வகுத்தவர்கள் வெளிப்படையாகவே கூறினர். 13 இடங்களில் 10 தமக்கு வேண்டும் என்பதே நோக்கம் என்றும் மறைக்கவில்லை. 2019 ஜூன் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கட்சி நோக்குடன் கோடு வளைப்பதைத் திருத்துவது மத்திய நீதிமன்றங்களின் வேலையன்று என்று தீர்த்தது. நிறம் பார்த்து வளைத்தால் குற்றம். கட்சி பார்த்து வளைத்தால் கேட்பாரில்லை என்ற நிலை ஏற்பட்டது. கறுப்பினத்தவருள் மிகப் பெரும்பாலோர் ஒரே கட்சிக்கு வாக்களிக்கும் நாட்டில், இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்னும் கேள்வி நிற்கிறது.

அதன் பின்னும் கோடு ஓயவில்லை. மாநில நீதிமன்றத்தின் தலையீட்டால் 2019-இலும் 2022-இலும் படம் மாறியது. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இடங்கள் 14 ஆயின. 2022-இல் நீதிமன்றம் வகுத்த படத்தின்கீழ் இரு கட்சிகளும் ஏழு ஏழு இடங்களைப் பெற்றன. 2023-இல் மாநில உச்ச நீதிமன்றம் தன் முந்திய தீர்ப்பை மாற்றிக்கொண்டதால் சட்டமன்றம் மறுபடி வகுத்தது. 2024-இல் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4 என்றாயிற்று. ஷார்லட்டை நடுவாகக் கொண்ட 12-வது தொகுதி ஆடம்ஸ் அம்மையாரிடமே இருந்தது.

கிரீன்ஸ்பரோ நகரில் ஒரே வீட்டில் வாழ்ந்துவந்த கறுப்பினக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அது 1992-இல் 12-வது தொகுதியில் வாக்களித்தது; 1998-இல் அத்தொகுதியில் இல்லை; 2000-இல் திரும்ப வந்தது; 2016-இல் மறுபடி வெளியேறியது. வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, கோடே வந்து வந்து போயிற்று. அந்நகரிலுள்ள ஏ அண்ட் டி பல்கலைக்கழகம் நாட்டிலேயே பெரிய கறுப்பினப் பல்கலைக்கழகம். 1960 பிப்ரவரி முதல் நாள் வெள்ளையர்க்கே உரியதென்ற உணவுக் கடைப் பலகையில் அமர்ந்து உரிமை கேட்ட நான்கு மாணவரும் அங்குப் பயின்றவர்களே. 2016-ஆம் ஆண்டுக் கோடு அப்பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே சென்று, ஒரே வளாகத்து மாணவரை இரு வேறு தொகுதியினர் ஆக்கியது. 2019-ஆம் ஆண்டுப் படமே அவர்களை மீண்டும் ஒரே தொகுதியில் சேர்த்தது.

உணவுக் கடையின் தடையை அந்நால்வரும் கண்ணாரக் கண்டனர். அதனால் எதிர்த்து உட்கார முடிந்தது. வளாகத்தின் நடுவே சென்ற கோடோ தரையில் தெரியாதது. சட்டமன்றத்துப் படத்தை எடுத்துப் பார்த்தவர்க்கே அது தெரிந்தது. பார்த்தவர்கள் வழக்காடியபடியால்தான் மாறியது.