புகையை அளந்த நகரம்

கல்கத்தாவின் வானைக் கறுப்பித்த புகை பிறந்த இடம் கல்கத்தா அன்று. ஹௌராவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 185 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராணிகஞ்சே அதன் தாயகம். 1774-ஆம் ஆண்டில் கும்பினியாரின் இசைவு பெற்று, சம்னர், ஹீட்லி என்னும் இருவர் அங்கே நிலக்கரி வெட்டத் தொடங்கினர். 1836-இல் ராணிகஞ்சுச் சுரங்கத்தை விலைக்கு வாங்கியவர் துவாரகநாத் தாகூர். கவி ரவீந்திரரின் பாட்டனார். அக்காலத்தில் தாமோதர் நதியில் மழைவெள்ளம் வந்தால்தான் கரிப்படகுகள் கல்கத்தா நோக்கி நகரும். 1855-இல் இருப்புப்பாதை ராணிகஞ்சை எட்டியதும் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. ஹூக்ளிக் கரையில் சணல் ஆலைகளின் புகைபோக்கிகள் பெருகின.

நகரத்தார் வாளாவிருக்கவில்லை. 1863-இலேயே புகைத் தொல்லையைத் தடுக்கச் சட்டம் செய்தனர். 1905-இல் மற்றொன்று வந்தது. ஆய்வாளர் கையில் இருந்தது ரிங்கல்மான் அட்டை. பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் வகுத்தது. வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகளைக் கட்டங்கட்டமாக இழுத்திருப்பார்கள். கோடு தடிக்கத் தடிக்கச் சாம்பல் நிறம் கருமையாகும். அதனோடு புகையை ஒப்பிட்டு எண் குறிப்பார் ஆய்வாளர். எளிய கருவிதான், ஆனால் மூச்சில் புகும் நுண்துகளை அது அறியாது.

கரி வெட்டிய ஊர்களுக்கோ அந்த அட்டையும் கிட்டவில்லை. 1902-இல் சுரங்க ஆய்வு அலுவலகம் கல்கத்தாவிலேயே நிறுவப்பட்டது. 1908-இல் தன்பாத்துக்கு மாறியது. குழிக்குள் மாண்டோரை அது எண்ணியது. குழியின்மேல் குடியிருந்தோர் அதன் கணக்கில் வரவில்லை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தொழில்நோய்களை அரசுக்கு அறிவிக்கும் கடமையை விதித்தது. அதுவும் தொழிலாளிக்கே, அவன் வீட்டாரும் தூசியைச் சுவாசித்தனர், பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை. இதை வெறும் மறதி என்று நாம் ஒப்பமாட்டோம். சட்டம் எழுதியோர் வீட்டுச் சாளரத்தில் படிந்த கரியே முதலில் அளக்கப்பட்டது.

ராணிகஞ்சின் தீங்கு தூசியோடு நிற்பதுமன்று. நெய்வேலியைப் போன்ற திறந்த வெட்டு அன்று, முற்காலத்தில் அங்கே பெரும்பாலும் நடந்தது. பூமிக்குள் அறை அறையாகக் குடைந்து, கூரையைத் தாங்கக் கரித்தூண்களை விட்டுவைப்பார்கள். பின்னர் அத்தூண்களையும் அரிந்தெடுப்பதுண்டு. வெற்றிடத்தை மணலால் நிரப்பாவிடில் மேல்நிலம் அமிழும். வெடிப்பு வழியே காற்றுப் புகும். கரி தானே கனன்று நச்சுக்காற்றைக் கக்கும். மணல் நிரப்புவதற்கென 1939-இல் வந்த சட்டமும் சுரங்கத்தின் காப்பையே முதலில் கருதியது.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் சுற்றுப்புற மக்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்னும் விதி 1997-இல்தான் வந்தது. ஜாரியா, ராணிகஞ்சுப் பகுதிகளில் தீயை அணைக்கவும், அமிழும் நிலத்தில் வாழ்வோரை வேறிடத்தில் குடியமர்த்தவும் வகுத்த பெருந்திட்டத்துக்கு மத்திய அரசு 2009-இல் ஒப்புதல் அளித்தது. ராணிகஞ்சில் முதற்கரி வெட்டி அப்போது 235 ஆண்டுகள் ஆகியிருந்தன.