உப்புக் காற்றும் முருகைக்கல்லும்: வடமராட்சிக் கரையிலிருந்து நார்க் கூட்டுப்பொருள்களின் வரலாற்றை நோக்குதல்

தொண்டைமானாற்றுக்கு உப்பு இரு பக்கமிருந்தும் வருகிறது. வடக்கே பாக்குநீரிணை, உள்ளே வடமராட்சிக் கடனீரேரி. உவர்நீரை மறிக்க முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டியாயிற்று; காற்றை மறிக்க வழியில்லை. குடாநாட்டின் பழைய வீடுகளும் மதில்களும் யாழ்ப்பாணக் கோட்டையும் முருகைக்கல், சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் எழுந்தவை. இவற்றை வலுவூட்டக் காபன் நார், கண்ணாடி நார் போன்றவை பொருந்துமா? அந்தப் பொருள்கள் கடந்துவந்த பாதையிலேயே விடையின் பெரும்பகுதி கிடக்கிறது.

முதலில் நோயைப் பார்ப்போம். முருகைக்கல் நுண்துளைகள் நிறைந்தது. காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்துக்கு மேல் போனால் கறியுப்பு ஈரத்தை இழுத்துக் கரைகிறது. அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகிறது. கடலோரத்தில் இந்த எல்லை நாளாந்தம் தாண்டப்படுகிறது. விடியற்காலையில் கரைந்த உப்பு மத்தியானத்தில் பளிங்காகிக் கல்லின் துளைச்சுவர்களை நெருக்குகிறது. சுண்ணாம்புப் பூச்சு உள்ள சுவரில் இந்தச் சேதம் பெரும்பாலும் பூச்சோடு முடிந்துவிடும். பூச்சு உதிரும், திரும்பப் பூசுவார்கள். உதிர்வதே அதன் வேலை.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் அதே சுண்ணாம்புக்கல்தான், ஆனால் களியோடு சேர்த்துச் சுட்டபோது முற்றிலும் வேறு சுபாவமுள்ள பொருளாகிவிட்டது. கைக்கெட்டும் விலையில் கிடைத்த சீமெந்தைப் பழஞ்சுவர்களிலும் பூசியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உறுதியானது நல்லது என்பதே அன்றைய உலகப் பொதுப்புத்தி. விளைவு இன்றும் தெரிகிறது. சீமெந்துப் பூச்சுள்ள பழஞ்சுவரைத் தட்டினால் சில இடங்களில் பொள்ளென்று கேட்கும். பூச்சைப் பெயர்த்தால் பின்னால் வெள்ளை உப்பு. முருகைக்கல்லின் தோலும் மாவாகக் கூடவே வரும். ஈரம் வெளியேற வழியின்றி, பளிங்காதல் கல்லுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

இந்தப் பொதுப்புத்திக்கு அறிஞர்களின் ஒப்புதலும் இருந்தது. 1931இன் ஏதென்சு சாசனம் புராதன கட்டடங்களுக்கு வலுவூட்டிய கொங்கிறீட்டை விவேகத்தோடு பயன்படுத்தலாம் என்றது. அதே ஏதென்சில் அக்குறோப்பொலிசைப் புதுக்கிய நிக்கொலாவொசு பலானொசு பளிங்குக்கற்களைப் பிணைக்க வைத்த இரும்புப் பட்டைகள் துருவேறிப் பருத்து, கற்களையே பிளந்தன. அவற்றை அகற்றித் தைத்தேனியம் வைக்கும் பணி 1975க்குப் பின் தொடங்கியது. இடையில், 1964இன் வெனிசு சாசனம் சுருதியைக் குறைத்திருந்தது: மரபு முறைகள் போதாதபோது நவீன முறைகளை நாடலாம், ஆனால் அவற்றின் பயன் அறிவியல் தரவாலும் அனுபவத்தாலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

நார்க் கூட்டுப்பொருள் இந்த அரங்குக்குள் நுழைந்தது கொங்கிறீட் பாலமொன்றின் வழியாக. 1991இல் சுவிற்சர்லாந்தின் லூசேர்ன் அருகே இபாக் பாலத்தில், 175 கிலோ உருக்குத் தகடு செய்யவேண்டிய வேலையை 6.2 கிலோ காபன் நார்ப் பட்டைகள் செய்தன. அதன் தத்துவம் பனையை அறிந்தவர்களுக்குப் புதிதன்று: மென்மையான சோற்றுக்குள் ஓடும் கறுத்த நார்கள்தான் பனஞ்சிலாகையைக் கூரை தாங்க வைக்கின்றன. கல்கட்டு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அந்தக் குறையை நார் தீர்க்கும் என்பதே நம்பிக்கை.

1997 செப்ரெம்பரில் இத்தாலியின் அசீசி நகரில் நிலநடுக்கம் புனித பிரான்சிசு பேராலயத்தின் வளைகூரையை வீழ்த்தி நால்வரைக் கொன்றது. மீட்புப் பணியில், கூரையின் மேற்புறத்தில் மரக்கருவைச் சுற்றி அரமிட் நார் போர்த்த மெல்லிய விலாக்கள் பொருத்தப்பட்டன. கீழே நின்று ஓவியங்களைப் பார்ப்பவருக்கு அவை தெரியா. 2004இல் இத்தாலிய தேசிய ஆய்வுக் கழகம் வடிவமைப்பு வழிகாட்டியையே வெளியிட்டது.

ஆனால் அந்த முதற் தலைமுறையில் நாரைச் சுவரோடு ஒட்டியது எபொக்சிப் பிசின். நாரின் இழுவலிமை ஆயிரக்கணக்கான மெகாபசுக்கால். முருகைக்கல்லின் இழுவலிமை அதற்கு அருகிலேயே வராது. பாரம் ஏறினால் நாரும் அறாது, பிசினும் அறாது, கல்லின் மேற்தோல்தான் உரிந்துகொண்டு வரும். எபொக்சி நீராவியைக் கடத்தாது. சாதாரண வெப்பநிலையில் இறுகும் வகைகள் 50 முதல் 80 பாகை செல்சியசுக்குள் இளகத் தொடங்கும். வெயில் ஏறிய எங்கள் சுவர்களுக்கு அது பெரிய இடைவெளியன்று. சீமெந்துப் பூச்சின் பழைய பிழையை விலையுயர்ந்த வடிவில் மறுபடி செய்வதாகவே இதை நான் காண்கிறேன்.

அடுத்த தலைமுறை பிசினைக் கைவிட்டு நார்வலையைச் சாந்துக்குள் பதித்தது. அமெரிக்கக் கொங்கிறீட் நிறுவகம் 2013இலும் இத்தாலியக் கழகம் 2018இலும் இதற்கு வழிகாட்டிகள் வெளியிட்டன. சாந்து சீமெந்தாக இருக்க வேண்டியதில்லை. நீரியற் சுண்ணாம்பைப் பயன்படுத்தினால் சுவர் மூச்சு விடும், பின்னாளில் பெயர்த்தெடுப்பதும் எளிது. எந்த நார் என்பது கரையைப் பொறுத்தது: உருக்கு நூல் வேண்டுமென்றால் துருப்பிடியாத வகை, கண்ணாடி என்றால் காரத்தைத் தாங்கும் வகை. நாகம் பூசிய உருக்கை உப்புக் காற்றில் நான் நம்பமாட்டேன்.

குடாநாட்டில் இதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. எனவே உடைந்த கல்லுக்குப் புதுக்கல் மாற்றுவது இலகுவன்று. நிற்கிற கல்லை நிற்கிற இடத்திலேயே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஆயினும் எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து இல்லை. ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றி ஐங்கோணமாக்கிய யாழ்ப்பாணக் கோட்டையின் கொத்தளங்களுக்குப் பின்னால் இருப்பது மண். மாரியில் ஊறிய மண் சுவரை வெளியே தள்ளுமிடத்தில் நார்வலையைவிட நீர் வடியும் துளைகளே முதல் வேலை. பூச்சுள்ள வீட்டுச் சுவருக்கு வலை பொருந்தும். பருத்தித்துறைத் தெருமூடி மடம் போல் கல்லின் முகமே அழகாக நிற்கும் இடத்தில் வலை அந்த முகத்தை மறைத்துவிடும். கல்வரிகளுக்கு இடையில் சாந்து உள்ள கட்டடமானால், அதைச் சுரண்டி, மெல்லிய நூலை இடைவெளிக்குள் ஓடவிட்டு, மேலே சுண்ணாம்புச் சாந்தால் மூடும் முறை இருக்கிறது. எதைச் செய்வதாயினும் இத்தாலியக் கல்லில் பெற்ற எண்களை இங்கே அப்படியே எடுத்தாள முடியாது. உப்பேறிய முருகைக்கல்லில் வலையை ஒட்டி இழுத்துப் பார்க்கும் சோதனை கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்குக் கைக்கெட்டும் வேலை. ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்த துண்டுகளில் அதைச் செய்ய வேண்டும்.